ஒரே சாவி

லாட்ஜில் இருபத்தி நாலு அறை,
கடைசி அறைக்கு எண் இருபத்தைந்து.
ஏகாம்பரம் முதலில் காட்டியது ஆணிப்பலகையை.
ஆணிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு சாவி,
பதிமூன்றுக்கு மட்டும் ஆணி அடிக்கவில்லை.
"இத அப்படியே நெட்ல போட்டுடும்மா. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன்.
சதுர அடைப்புக்குறி திறந்து, கமா கமாவாக
அறைகளை உள்ளே வைத்து மூடினேன்.
முதல் அறையைப் பூஜ்யம் என்றது பிஹெச்பி.
"வைத்தியத்துக்கு வந்தவங்கள ஜீரோவுலயா படுக்க வெப்ப?"
சரி என்று எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைச் சாவியாக்கினேன்:
இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் அறை,
நடுவே ஓர் அம்பு.

காட்பாடியில் ஹவுரா வண்டியை விட்டு இறங்கிய ஜனம்
எக்ஸ்ரே உறையை வெயிலுக்குத் தலைமேல் பிடித்து
காந்தி ரோட்டில் பெங்காலிப் பலகைகளைப் படித்துக்கொண்டே வரும்.
பாங்குராவிலிருந்து சபிதா மண்டல், ஏழாம் அறை.
கணவருக்குச் சிறுநீரகம். ஒரு ஸ்டவ், அரை மூட்டை அரிசி.
செவ்வாய்க்கிழமை மால்டாவிலிருந்து
சபிதா மண்டல்.
பத்தொன்பதாம் அறை, மகளுக்கு எலும்பு மஜ்ஜை.

அம்பு திரும்பிக்கொண்டது.
பிழை என்று ஒரு வரி வரவில்லை,
திரையில் சிவப்பு இல்லை, மஞ்சள் இல்லை.
அதே சாவியில் இன்னொன்றை எழுதினால் முன்னது போய்விடும்.
இதைப் பரீட்சையில் எழுதி
மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஏழு காலி என்று நான் சொன்னதை நம்பி
ராத்திரி பதினொன்றரைக்கு அகர்தலாவிலிருந்து ஒரு குடும்பம்
ஐந்து பையோடு கதவைத் தட்டியது.
"கிரேசி, இன்னாம்மா பண்ணி வச்சிக்கிற?
அந்தம்மா பேசாம மூட்ட கட்டிக்கினு நிக்குது.
நாம போவச் சொல்றோம்னு நெனச்சிக்கினு."

கேள்வி கேட்காமல் மூட்டை கட்டிய அந்த வேகம்,
அதற்கு என்னிடம் திருத்தம் இல்லை.
தோட்டப்பாளையத்தில் கரண்ட் போயிருந்தது.
மடிக்கணினியில் பதினெட்டு சதவீதம்.
பெயருக்கு எதிரே அறையை வைக்காமல்
பெயருக்கு எதிரே இன்னொரு வரிசையை வைத்தேன்.
எண் எழுதாத காலி அடைப்புக்குறி ஒன்று:
இருப்பவரைத் தள்ளாதே, அடுத்த இடத்தில் உட்கார் என்று அர்த்தம்.
சபிதா மண்டல்; உள்ளே
பூஜ்யத்தில் ஏழு, ஒன்றில் பத்தொன்பது.
அகர்தலாக்காரர்களுக்கு ஏகாம்பரம் ஆபீஸ் ரூமில் பாய் போட்டார்.
வாடகை வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஏழாம் அறை காலியானது.
குணமாகிப் போனார்களா என்று வரிசைக்குத் தெரியாது,
அதற்கு நான் இடம் வைக்கவில்லை.
அன்செட் என்று எழுதினால் பூஜ்யம் போய்விடும்.
ஒன்று மட்டும் ஒன்றாகவே நிற்கும், நகராது.
எத்தனை பேர் என்று கேட்டால் ஒருவர் என்கிறது.
அந்த ஒருவரைத் தேடிப் போன என் லூப்
பூஜ்யத்தில் தொடங்கி, ஒரே சுற்றில்,
காலி இடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.
மால்டாக்காரர் அறையில்தான் இருந்தார்.
திரையில் இல்லை.

எல்லாருக்கும் புதிதாக எண் போட ஒரு வழி உண்டு.
ஓர் இடம் முன்னே நகர்ந்துகொள்வார்கள்,
யாரோ இருந்தார்கள் என்பதே தெரியாது.
டைப் செய்தேன். அழித்தேன்.
லூப்பை மாற்றினேன்: எண்ணிக்கொண்டு போகாதே,
யார் இருக்கிறார்களோ அவர்களிடம் போய் வா.

நேற்றுப் பணம் வாங்கப் போனேன்.
பாதி ரொக்கம், மீதிக்கு ஒரு பை இலவம்பாடிக் கத்தரிக்காய்.
பலகையில் ஏழாம் சாவி தொங்கியது.
பத்தொன்பதாம் ஆணியில் சாவி இல்லை.
மாடியில் யாரோ
கடுகெண்ணெய் காயவைத்துக்கொண்டிருந்தார்கள்.